ஜியோக்னோசி: நிலத்தை அறிதல் என்ற ஒரு பழைய சொல்

ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட் 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். பூமியின் இரண்டு அரைக்கோளங்களிலும் பாறைகள் எந்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்பதை ஒப்பிட்டுக் காட்டும் நூல் அது. ‘ஜியாலஜி’ என்ற சொல் அதற்குள் ஐரோப்பாவில் நன்றாகப் பழகிவிட்டது. லண்டனில் அந்தப் பெயரைத் தாங்கிய சங்கம் 1807இலேயே தொடங்கப்பட்டிருந்தது. ஆயினும் ஹம்போல்ட் தம் நூலின் தலைப்பில் அந்தச் சொல்லை வைக்காமல், ‘ஜியோக்னோசி’ என்ற சொல்லிலிருந்து பிறந்த அடைமொழியை வைத்தார். இன்றைய அகராதிகள் ஜியோக்னோசியை வழக்கொழிந்த சொல் என்று குறித்து, நிலவியலின் பழைய பெயர் என ஒரே வரியில் பொருள் தருகின்றன. அந்தப் பொருளைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் வேறொரு சொல் இருக்கும்போது, கற்றறிந்த பலர் இதையே தேர்ந்து அதை விலக்கினார்கள் என்றால், அவர்கள் மனத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்திருக்க வேண்டும். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கு அடுத்த ஐம்பது ஆண்டுகளிலும் எழுதப்பட்ட பாறை நூல்களைச் சரியாகப் படிக்க இயலாது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கிரேக்க மொழியில் ‘கே’ என்றால் பூமி, நிலம். ‘க்னோசிஸ்’ என்றால் அறிவு. இரண்டும் சேர்ந்து ஜெர்மன் மொழியில் ‘கேயோக்னோசீ’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜியோக்னோசி’ என்று வழங்கியது. இந்தக் க்னோசிஸ் நமக்கு முற்றிலும் அந்நியமான சொல் இல்லை. சமஸ்கிருதத்தின் ‘ஜ்ஞான’ என்ற சொல்லும், கிரேக்கத்தின் க்னோசிஸும், ஆங்கிலத்தில் அறிதலைக் குறிக்கும் ‘நோ’ என்ற வினைச்சொல்லும் ஒரே தொன்மையான இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. அந்த ஜ்ஞானமே தமிழுக்கு வந்து ‘ஞானம்’ ஆயிற்று. எனவே ஜியோக்னோசியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘புவிஞானம்’ என்றே வரும். ஆனால் தமிழில் ஞானம் என்றதும் துறவும் வீடுபேறும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. பாறையறிஞர்கள் கருதிய பொருள் அதைவிட மிகவும் எளியது. மருத்துவர் நாடியையும் நாக்கையும் கண்ணையும் பார்த்து இன்ன நோய் என்று பிரித்தறிவதை ‘டயக்னோசிஸ்’ என்கிறோமே, அதிலும் இதே க்னோசிஸ்தான் இருக்கிறது. முன்னால் இருப்பதைப் புலன்களால் நேராகக் கண்டு, அடையாளங்களைத் தேர்ந்து, இது இன்னது என்று அறிந்துகொள்ளும் அறிவு என்றே இங்கே அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜியாலஜி என்ற சொல்லிலும் முற்பாதி அதே பூமிதான். பிற்பாதி மட்டும் ‘லோகோஸ்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. பேச்சு, விவரிப்பு, காரணம், தர்க்கம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள்கள் பல. ஒன்று பூமியை அறிவது. மற்றொன்று பூமியைப் பற்றிப் பேசுவது, காரணம் சொல்வது. இன்று நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்களுக்கு அப்படியில்லை. பூமி எப்படித் தோன்றியது என்று வீட்டுக்குள் அமர்ந்தபடியே பெரிய பெரிய கதைகளை எழுதியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளமாக இருந்தனர். ஒருவர் வால்மீனைக் காரணம் காட்டினார், வேறொருவர் பிரளயத்தைக் காரணம் காட்டினார். அவர்களில் பலர் ஒரு சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்தவர்கள் அல்லர். அந்தக் கதைகளிலிருந்து தங்கள் வேலையைப் பிரித்துக்காட்ட விரும்பியவர்களுக்கு ‘க்னோசிஸ்’ என்ற பிற்பாதி மிகவும் பொருத்தமாக அமைந்தது.

இந்த அறிவு பிறந்த இடம் சுரங்கம். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலும் அதை அடுத்த மான்ஸ்ஃபெல்ட் பகுதியிலும் செம்பு கலந்த கரிய களிப்பாறை அடுக்கு ஒன்று பல மைல் தூரத்துக்குப் பரந்து கிடக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய அடுக்கைப் பல நூற்றாண்டுகளாகத் தோண்டி வாழ்ந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு, அதற்கு மேலே என்ன கல் வரும், கீழே என்ன கல் வரும் என்பது பிழைப்புக்கான அறிவாக இருந்தது. மேலே சுண்ணக்கல் அடுக்கு வரும். அதற்கு அவர்கள் ‘செக்ஸ்டைன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கீழே சிவந்த மணற்கல் வரும். அதைக் ‘கீழே கிடக்கும் சிவப்பு’ என்றும், ‘கீழே கிடக்கும் செத்த கல்’ என்றும் பொருள்படும் சொற்களால் அழைத்தார்கள். செத்த கல் என்றதன் காரணம், அதற்குக் கீழே தோண்டினால் செம்பு கிடைக்காது என்பதே. அந்தச் சிவப்பைக் கண்டதும் வேலையை நிறுத்திவிடலாம். எந்த ஊரில் குழி வெட்டினாலும் இதே வரிசை மாறாமல் வந்தது என்பதுதான் இதில் வியப்பூட்டும் செய்தி.

நம் ஊர்களில் கிணறு வெட்டியவர்களுக்கும் இதை ஒத்த அறிவு உண்டு. மேலே செம்மண், அடுத்துச் சுக்காம்பாறை, பிறகு உதிர்ந்துபோன பாறை, கடைசியில் வெடி வைத்தாலொழிய அசையாத கடும்பாறை என்று அவர்கள் முன்கூட்டியே சொல்வார்கள். ஒரு கிணற்றில் கண்டதை அடுத்த ஊர்க் கிணற்றோடு ஒப்பிட்டு, அதை எழுதி, வரைபடத்தில் குறித்து, வரிசைகளுக்குப் பெயரிட்டுப் பாடமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் ஜியோக்னோசி உருவாயிற்று. யோகான் கோட்லோப் லேமன் 1756இல் அடுக்குப் பாறைகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். துரிங்கியாவில் மருத்துவராக வாழ்ந்த கியோர்க் கிறிஸ்டியன் ஃபியூக்செல், தம் நாட்டின் மலைகளை விவரித்து நிலத்தின் வரலாற்றையும் கடலின் வரலாற்றையும் கூற முயன்ற லத்தீன் நூலை 1761இல் வெளியிட்டு, அதில் இத்தகைய அறிவுக்கு ‘ஜியோக்னோஸ்டிக்’ என்ற அடைமொழியைப் பயன்படுத்தினார். அந்நூலோடு அவர் இணைத்த துரிங்கியா வரைபடம் உலகின் மிகப் பழைய பாறை வரைபடங்களில் ஒன்று. ஆயினும் அந்தச் சொல்லைப் பரப்பியவர் அவரல்லர்.

சொல்லைத் துறையாக்கியவர் ஆபிரகாம் கோட்லோப் வெர்னர். இன்று போலந்தில் இருக்கும் ஓர் ஊரில் 1749இல், இரும்பாலை மேற்பார்வையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், சாக்சனி நாட்டின் ஃபிரைபெர்க் நகரில் படித்து, 1775இல் அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்து, 1817இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தார். ஃபிரைபெர்க் வெள்ளிச் சுரங்கங்களால் எழுந்த நகரம். அங்கே வெள்ளி கண்டறியப்பட்டது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அந்த நகரின் சுரங்கக் கல்லூரி 1765இல் நிறுவப்பட்டது. வெர்னர் எழுதியவை மிகக் குறைவு. பாறைகளை வகைப்படுத்தி 1787இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற சிறுநூல் முப்பது பக்கங்களைக்கூட எட்டவில்லை. அவர் வாயால் சொன்னதை மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள், அந்தக் குறிப்புகளைப் பிறர் படியெடுத்தார்கள், அவ்வாறே அவருடைய பாடம் நாடு நாடாகச் சென்றது.

வெர்னர் கனிமங்களைப் பற்றிய அறிவைப் பல கிளைகளாகப் பிரித்தார். அவற்றில் இரண்டை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முதலாவது ‘ஓரிக்டோக்னோசி’. கிரேக்கத்தில் ‘ஓரிக்டோஸ்’ என்றால் தோண்டி எடுக்கப்பட்டது. தோண்டி எடுத்த தனித்தனிக் கனிமங்களை நிறம், பளபளப்பு, உடையும் விதம், கடினம், எடை, தொடும்போது தெரியும் குளிர்ச்சி, மணம், சுவை ஆகிய வெளி அடையாளங்களால் இனம் காணும் கலை அது. இந்த அடையாளங்களைப் பற்றி வெர்னர் 1774இல், தம் இருபத்தைந்தாம் வயதை எட்டும் ஆண்டில், ஒரு நூல் எழுதினார். அந்நூலின் தலைப்பில் ‘ஃபாசில்’ என்ற சொல் வருகிறது. அக்காலத்தில் அதற்குத் தோண்டி எடுத்த எந்தப் பொருளும் என்றே பொருள், தொல்லுயிர் எச்சம் என்ற இன்றைய குறுகிய பொருள் பின்னால் வந்தது. பழைய நூல்களைப் படிப்பவர்கள் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவதுதான் ஜியோக்னோசி. இங்கே கேள்வி மாறுகிறது. கையில் இருக்கும் துண்டு என்ன கனிமம் என்று ஓரிக்டோக்னோசி கேட்கும். அந்தக் கனிமங்கள் சேர்ந்து உண்டான பாறைத்திரள் நிலத்துக்குள் எங்கே கிடக்கிறது, எதன்மேல் படிந்திருக்கிறது, எதற்கு அடியில் மறைகிறது, எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, அண்டைப் பாறையோடு எப்படிச் சேர்கிறது என்று ஜியோக்னோசி கேட்கும். ஒரு கருங்கல் துண்டை உடைத்து, இதில் குவார்ட்ஸ் இருக்கிறது, பெல்ட்ஸ்பார் இருக்கிறது, மைக்கா இருக்கிறது என்று சொல்வது முதல் கலை. அந்த மூன்றும் கலந்த கிரானைட் திரள் ஒரு மலையின் அடிவாரத்தில் தொடங்கி, அதன்மேல் பட்டை பட்டையான நைஸ் பாறை போர்த்தியிருக்கிறது என்று வரைந்து காட்டுவது இரண்டாவது கலை. துண்டை அறையில் வைத்துப் படிக்கலாம். கிடக்கும் முறையைப் படிக்க மலைக்குத்தான் போக வேண்டும். ஜியோக்னோசி என்ற சொல்லின் உயிர் இந்தக் ‘கிடக்கை’ என்ற கருத்தில் இருக்கிறது என்பேன். ஹம்போல்ட் 1823இல் தம் நூலின் தலைப்பில் பாறைகளின் கிடக்கை என்றே எழுதினார் என்பதும் இதனால் விளங்கும். அவரும் 1791இல் ஃபிரைபெர்க் கல்லூரியில் சேர்ந்து, வெர்னரிடம் பயின்றவர்.

இவ்விரண்டுக்கும் அப்பால், இவை எல்லாம் எப்படித் தோன்றின என்ற கேள்வி நிற்கிறது. அதை வெர்னரின் வழியில் வந்தவர்கள் வேறு பெயரால் அழைத்தார்கள்; பூமியின் பிறப்பைப் பற்றியது என்ற பொருளில் ‘ஜியோஜெனி’ என்றும், சில வேளைகளில் சற்றே இகழ்ச்சியோடு ‘ஜியாலஜி’ என்றும் கூறினார்கள். முதலில் கண்டறிவோம், ஊகம் பிறகு வரட்டும் என்பது அவர்கள் ஏற்ற ஒழுங்கு. அந்தப் பிரிவினையே ஜியோக்னோசி என்ற சொல்லுக்குள் அடங்கியிருந்த உறுதிமொழி.

அந்த உறுதிமொழி முழுதாகக் காப்பாற்றப்படவில்லை. வெர்னர் பாறைகளை வரிசைப்படுத்தியபோது, மிக அடியில் கிடக்கும் கிரானைட், நைஸ் முதலியவற்றை ஆதிப் பாறைகள் என்றார். அவற்றின்மேல் வரும் மணற்கல், சுண்ணக்கல், நிலக்கரி, உப்பு ஆகியவற்றைப் படுகைப் பாறைகள் என்றார். அதற்கும் மேலே மணலும் களிமண்ணும் கூழாங்கல்லுமாகிய வண்டல்களை வைத்தார். எரிமலைக் கற்களைத் தனியே ஒதுக்கினார். பின்னர் முதல் இரண்டு வகைகளுக்கும் நடுவே இடைநிலைப் பாறைகள் என்ற ஒரு வகையைச் சேர்த்தார். வரிசை என்ற அளவில் இது கண்ணால் கண்டதே. ஆனால் ‘ஆதி’ என்ற சொல்லை வைத்த உடனேயே காலம் உள்ளே நுழைந்துவிட்டது. பூமி முழுவதையும் ஒரு காலத்தில் மூடியிருந்த பெருங்கடலிலிருந்து இந்தப் பாறைகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்தன, கிரானைட்டும்கூட நீரில் கரைந்திருந்து படிந்ததே என்று அவர் கற்பித்தார். கடல் தெய்வத்தின் ரோமானியப் பெயரான நெப்டியூனை வைத்து, அந்தக் கொள்கையை நெப்டியூனியம் என்று அழைத்தார்கள். கண்டறிந்ததை மட்டும் சொல்வோம் என்று தொடங்கிய துறையின் நடுவில் மிகப் பெரிய ஓர் ஊகம் அமர்ந்திருந்தது.

இந்த முரண் வெளிப்பட்ட இடம் பசால்ட் என்ற கரும்பாறை. சாக்சனியில் ஷைபென்பெர்க் என்ற குன்றின் உச்சியில் பசால்ட் தூண் தூணாக நிற்கிறது. வெர்னர் அங்கே சென்று பார்த்தபோது, அடியில் மணல், அதன்மேல் களிமண், அதன்மேல் சிதைந்த ஒரு கல், அதன்மேல் பசால்ட் என்று வரிசை அமைந்திருந்தது. ஒன்று மற்றொன்றாக மெல்ல மாறுவதுபோலவும் அவர் கண்ணுக்குப் பட்டது. மணலும் களிமண்ணும் நீரில் படிந்தவை என்பதில் ஐயமில்லை. எனவே அவற்றோடு தொடர்ந்து வரும் பசால்ட்டும் நீரில் படிந்ததே என்று 1788இல் அறிவித்தார். அவரிடம் படித்த ஃபோய்க்ட் என்பவரே அதை எதிர்த்து எழுதினார். பழைய ஆற்று மணலின்மேல் எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்தது என்பதே இன்று ஏற்கப்பட்ட விளக்கம். வெர்னர் கண்ட வரிசை சரியானது. அந்த வரிசையைக் கொண்டு அவர் செய்த ஊகம் தவறானது. அவருடைய துறையின் பெயரே அவ்விரண்டையும் கலக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

பிரான்சில் ஓவெர்ன் பகுதியில், அணைந்துபோன எரிமலை ஒன்றிலிருந்து வழிந்த குழம்பில் பசால்ட் தூண்கள் இருப்பதை நிக்கோலா தெமரே 1763இலேயே கண்டு, 1774இல் அச்சில் வெளியிட்டிருந்தார். வெர்னரின் மாணவரான தொபுயிசோன் 1803இல் சாக்சனியின் பசால்ட்டைப் பற்றி எழுதியபோது ஆசிரியரின் கருத்தையே தாங்கி நின்றார். பிறகு ஓவெர்னுக்குச் சென்றார். எரிமலை வாயையும் அதிலிருந்து இறங்கிய கல்லாற்றையும் நேரில் கண்டபின் தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். அவரே பின்னர் 1819இல் ஜியோக்னோசியைத் தலைப்பாகக் கொண்ட பெரிய பாடநூலை எழுதினார் என்பது கவனிக்கத் தக்கது. ஆசிரியரின் கொள்கையைக் கைவிட்டவர் ஆசிரியர் தந்த சொல்லைக் கைவிடவில்லை. போய்ப் பார்த்து அறிவது என்ற அதன் பொருளுக்கு அவர் உண்மையாக நடந்துகொண்டார் என்றே நான் கருதுகிறேன். வெர்னரின் மற்றொரு மாணவரான லியோபோல்ட் ஃபொன் பூஹும் 1802இல் ஓவெர்னைக் கண்டபின் தயங்கத் தொடங்கினார்.

பிரிட்டனில் இந்தச் சொல் எடின்பரோ வழியாகப் புகுந்தது. ஃபிரைபெர்கில் படித்துத் திரும்பிய ராபர்ட் ஜேம்சன் 1808இல் ஜியோக்னோசியின் அடிப்படைகளைக் கூறும் நூலை வெளியிட்டு, அதே ஆண்டில் வெர்னர் பெயரால் ஓர் இயற்கை வரலாற்றுச் சங்கத்தையும் தொடங்கினார். அதே எடின்பரோவில்தான் ஜேம்ஸ் ஹட்டன், கிரானைட் ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்தது என்றும், நிலத்தடி வெப்பமே மலைகளை உயர்த்துகிறது என்றும் 1780களில் வாதிட்டிருந்தார். அந்த நகரில் ஜியோக்னோசி என்று ஒருவர் சொன்னால் அவர் வெர்னரின் பக்கம் என்றும், ஜியாலஜி என்றால் மறுபக்கமாக இருக்கலாம் என்றும் கேட்பவர்கள் எண்ணும் நிலை வந்தது. கட்சி அடையாளமாக மாறிய சொல், கட்சி தோற்றபோது தானும் நிறம் மங்கியது. நிலவியலாளர் சார்லஸ் லயல் 1830இல் வெளியிட்ட தம் நூலின் முதல் தொகுதியில் வெர்னரின் பசால்ட் கருத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஆங்கில வாசகர்களின் நினைவில் வெர்னர் பெரும்பாலும் அந்தக் கண்டனத்தின் வழியாகவே தங்கிப்போனார். இது அவருக்கு நேர்ந்த அநீதி என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

சொல் மறைந்ததற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. வில்லியம் ஸ்மித் இங்கிலாந்தில் பாறை அடுக்குகளை அவற்றில் புதைந்த தொல்லுயிர் எச்சங்களைக் கொண்டு அடையாளம் கண்டு, 1815இல் மாபெரும் வரைபடத்தை வெளியிட்டார். பாரிஸைச் சுற்றிய நிலத்தில் பிரெஞ்சு அறிஞர்களான கூவியேயும் பிரோன்யாரும் அதே முறையில் ஆராய்ந்தனர். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு சுண்ணக்கற்கள் அவற்றிலுள்ள சிப்பிகளால் வெவ்வேறு காலத்தவை என்று தெரியவந்தன. அதன்பின் எது எதன்மேல் கிடக்கிறது என்ற கேள்வி, எது எதற்குப் பின் வந்தது என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாததாயிற்று. கிடக்கையை அறிவதே வரலாற்றை அறிவதாக ஆனபோது, அறிதலுக்கு ஒரு பெயரும் விவரித்தலுக்கு ஒரு பெயரும் தனித்தனியே தேவைப்படவில்லை. தமிழில் இதை எடுத்துக்காட்ட ஒரு நல்ல சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜியாலஜியை நிலவியல் என்றும் புவியமைப்பியல் என்றும் சொல்கிறோம். இலங்கையில் அதற்குப் ‘புவிச்சரிதவியல்’ என்ற சொல் வழங்குகிறது. அமைப்பு என்ற சொல்லில் ஜியோக்னோசியின் சாயல் இருக்கிறது; சரிதம் என்ற சொல்லில், ஜியோக்னோசி தள்ளிவைத்திருந்த அந்த வரலாறு துறையின் பெயராகவே நிற்கிறது.

ஜியோக்னோசியோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் மற்றச் சொற்களையும் இங்கே பிரித்துவிட வேண்டும். பாறையியல் என்று நாம் சொல்லும் ‘பெட்ராலஜி’ கிரேக்கத்தில் பாறையைக் குறிக்கும் ‘பெட்ரா’விலிருந்து வந்தது, ஜான் பிங்கர்டன் 1811இல் அந்தச் சொல்லைச் சிறிது மாறிய எழுத்துகளுடன் தம் நூலின் தலைப்பாக்கினார். கல் என்று பொருள்படும் ‘லித்தோஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்த ‘லித்தாலஜி’ இன்று பெரும்பாலும் ஒரு பாறையின் புறத் தன்மைகளைக் குறிக்கிறது. ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1850 அளவில் பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தபின், பாறையின் உட்கட்டமைப்பைப் படிப்பது தனித் துறையாக வளர்ந்தது. வெர்னரின் ஜியோக்னோசி செய்த வேலையில் ஒரு பாதி அந்தத் துறைக்குப் போயிற்று. அடுக்குகளின் வரிசையைப் பார்க்கும் மறுபாதி அடுக்கியல் என்ற துறைக்குப் போயிற்று.

ஜெர்மன் நாடுகளில் மட்டும் இந்தச் சொல் நெடுங்காலம் வாழ்ந்தது. கார்ல் ஃப்ரீட்ரிக் நௌமான் 1850 அளவில் வெளியிட்ட பெரும் பாடநூல் இந்தப் பெயரையே தாங்கியது. பவேரிய நாட்டின் பாறைகளை விவரித்து கியூம்பெல் 1861இல் வெளியிடத் தொடங்கிய தொகுதிகளின் தலைப்பிலும் அதன் அடைமொழி இருந்தது. அங்கே 1830 முதல் வெளிவந்த கனிமவியல் ஆண்டிதழ் ஒன்றின் தலைப்பில் ஜியோக்னோசியும் ஜியாலஜியும் தனித்தனித் துறைகளாக அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருந்தன. 1863இல் அந்த இதழ் தன் பெயரைத் திருத்தியமைத்தபோது கனிமவியல் இருந்தது, ஜியாலஜி இருந்தது, தொல்லுயிரியலும் இருந்தது. ஜியோக்னோசி மட்டும் தலைப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.